கல்லாவை விட்டு எழுந்திருப்போமா?



நமது உழைப்பைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. விடியற்காலை 5 மணிக்குப் பால் வண்டி வரும்போதே மளிகைக் கடையின் ஷட்டர் பாதி ஏறியிருக்கும். இரவு 10 மணிக்குக் கடைசி ஆளுக்குக் கால் கிலோ ரவை கட்டிக் கொடுத்த பிறகுதான் அது இறங்கும். மத்தியானச் சாப்பாடு தூக்குச்சட்டியில் வரும். ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் மூன்று பேருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்திருப்போம். தீபாவளியும் பொங்கலும் மற்றவர்களுக்கு விடுமுறை. நமக்கு அன்றுதான் வியாபாரம். இப்படியே 30 வருடம், 40 வருடம் ஓடிவிடுகிறது. 'கடை திறக்கத் தவறியதே இல்லை' என்று நான்கு பேர் சொல்லும்போது நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதில் உழைப்பு எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று என்றைக்காவது தராசில் வைத்துப் பார்த்திருக்கிறோமா? முதல் ஐந்து வருடம் நாம் செய்தது உழைப்பு. சரக்குப் பிடிக்கத் தெரியாது, கடன் கேட்பவரின் முகம் பார்த்து ஆளை எடை போடத் தெரியாது, எல்லாவற்றையும் முட்டி மோதிக் கற்றோம். அதற்குப் பிறகு கை தானாகவே சாக்கை அவிழ்க்கிறது, வாய் தானாகவே விலை சொல்கிறது. செக்கு மாடு கூடத்தான் நாள் முழுவதும் நடக்கிறது.

வியாபாரிகளுக்குத் துணிச்சல் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நமது தலைமுறையும் நமக்கு முந்திய தலைமுறையும் சந்தித்த மாற்றங்கள் கொஞ்சமல்ல. நமது தகப்பனார் கடை நடத்திய காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, 192 பை. எடைக்கு வீசை, பலம். 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. அரிசிக்கும் பயறுக்கும் படியும் மரக்காலும். சின்ன வயதில் திண்ணையில் ஒப்பித்த வாய்ப்பாடு அரைக்கால், வீசம், மாகாணி என்று பதினாறைச் சுற்றியே ஓடும். அணாக் கணக்குக்கு அது அச்சில் வார்த்தது போலப் பொருந்தும். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 100 என்று ஆனவுடன் அந்த வாய்ப்பாடு முழுவதும் ஒரே நாளில் செல்லாமல் போயிற்று. ஒரு அணாவுக்குச் சரியாகப் பார்த்தால் ஆறேகால் பைசா. கால் பைசாவை யார் கொடுப்பது, யார் வாங்குவது? ஆகவே ஒரு அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று சர்க்கார் அட்டவணை போட்டது. தனித்தனியாக மூன்று தடவை ஓரணாவுக்கு வாங்கினால் 18, சேர்த்து வாங்கினால் 19. இந்த ஒரு பைசாவுக்காகக் கடைவாசலில் நடந்த சண்டைகளைத் தகப்பனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அடுத்த வருடம், 1958 அக்டோபரில், கிலோ எடை வரத் தொடங்கியது. ஒரு வீசை ஏறத்தாழ 1,400 கிராம். பழைய வாடிக்கையாளர் 'அரை வீசை வெல்லம்' என்பார், தட்டில் வைக்க வேண்டியது 700 கிராம், விலை சொல்ல வேண்டியது புதுப் பைசாவில். ஐந்தாம் வகுப்பு கூடத் தாண்டாத மனிதர்கள் இதைச் செய்தார்கள். இரவில் கடையை அடைத்த பிறகு சிம்னி விளக்கில் உட்கார்ந்து தாளில் அட்டவணை எழுதிப் பாடம் செய்தார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். சென்னையில் கொத்தவால்சாவடிக் காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனபோது, அந்தச் சந்தை அங்கே நிற்காது என்று சொல்லாதவர் கிடையாது. நின்றது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. கணினியைத் தொட்டறியாத நம்மில் பலர் ஹெச்.எஸ்.என். எண் வரை பேசக் கற்றுக்கொண்டோம். செல்போனில் பணம் வாங்குவதைப் பார்த்து, 'காசைக் கண்ணால் பார்க்காமல் சரக்கைக் கொடுப்பதா' என்று கேட்ட அண்ணாச்சிதான் இன்று பெட்டிக் கடை வாசலில் அட்டை மாட்டி வைத்திருக்கிறார். 2020-ல் கொரோனா வந்தபோது, பகல் 1 மணிக்குள் வியாபாரத்தை முடித்துக் கதவை அடைக்கவும் பழகினோம்.

ஆக, வந்த சவாலை எல்லாம் சமாளித்தோம். அத்தனையும் சர்க்காரோ, சட்டமோ, நோயோ நம்மைப் பிடித்துத் தள்ளியதால் செய்தவை. நாமாகத் தேடிப் போய், 'இது எனக்கு வராது, ஆனாலும் பார்த்துவிடுகிறேன்' என்று இறங்கிய காரியம் என்ன? இதுதான் நமது கேள்வி.

இதைச் சொன்னவுடன் சில நண்பர்கள் வேறு விதமாக அர்த்தம் செய்துகொள்கிறார்கள். வட்டிக்கு வாங்கி இரண்டாவது கடை போடுவதையோ, வத்தலும் மஞ்சளும் ஏறும் என்று கிட்டங்கி நிறையச் சரக்கை அடைத்து வைப்பதையோ நாம் சொல்லவில்லை. அது பணத்தைப் பணயம் வைப்பது. அந்தத் துணிச்சல் நம்மவர்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. நாம் சொல்வது ஆள் தன்னையே ஒரு தடவை உரசிப் பார்ப்பது.

முன்னோர்கள் செய்திருக்கிறார்கள். சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று, 1923-ல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. மழை பொய்த்த பூமியில் அந்த ஊர் இன்றைக்கும் சோறு தின்பது அந்தப் பயணத்தால்தான். அவர்களை யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. செட்டிநாட்டு நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறி, குடும்பத்தைப் பிரிந்து மூன்று வருடக் கணக்குக்கு இருந்துவிட்டு வந்தார்கள். வணிகன் என்றாலே வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் என்றுதான் ஒரு காலத்தில் பொருள் இருந்தது. இன்று வணிகன் என்றால் உட்கார்ந்திருக்கிறவன் என்று ஆகிவிட்டது. 2021-ல் நமது சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்வோர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. நல்ல சட்டம். முதலாளிகள் எழுந்திருக்கவும் ஒரு சட்டம் போட்டிருந்தால் தேவலை.

நாம் மதுரை கீழமாசி வீதியில் மொத்தக் கடை வைத்திருக்கிறோம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு 1977-ல் கடையில் உட்கார்ந்தோம். குண்டூர் வத்தல் விற்றே குடும்பம் வளர்ந்தது. தரகர் மாதிரிப் பொட்டலம் அனுப்புவார், நாம் போனில் விலை பேசுவோம், லாரியில் சரக்கு வந்து இறங்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. 2018 மார்ச் மாதம், 58-வது வயதில், அந்தக் குண்டூரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நாமாகவே ஒரு எண்ணம் வந்தது. தரகரிடம் சொல்லவில்லை. யாரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளவும் இல்லை. தனியாகப் போவது, அங்கே நாமாகப் பேசிப் பார்ப்பது என்று ஒரு வைராக்கியம். இரண்டு மாதம் முன்னாலிருந்தே தெரிந்த ஒரு பையனிடம் தெலுங்கு எண்கள் படித்தோம். ஒகட்டி, ரெண்டு, மூடு. மூன்றுக்கு 'மூடு' என்று அவன் சொல்லும்போதெல்லாம், கடையை மூடச் சொல்வதாகவே நம் காதில் விழும்.

சென்னையில் வண்டி மாறிக் குண்டூரில் இறங்கினால், யார்டுக்குள் நுழைவதற்கு முன்பே தும்மல் வந்துவிட்டது. அங்குள்ளவர்கள் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் சிவப்பு மூட்டை. ஒரு மூட்டையை 'டிக்கி' என்கிறார்கள், 40 கிலோவுக்கு மேல் இருக்கும். தேஜா, 334, பேடகி என்று இரகம் இரகமாக இறங்கி நிற்கிறது. தேஜா மெலிந்த காய், காரம் அதிகம். பேடகி கர்நாடகத்து இரகம், தோல் சுருங்கி இருக்கும், நிறம் கொடுக்கும், காரம் குறைவு. இதெல்லாம் நமக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, ஒரே இரகத்துக்குள் எத்தனை தரம் இருக்கிறது என்பது. காயைக் கையில் ஒடித்து அந்தச் சத்தத்திலேயே ஈரம் எவ்வளவு என்று சொல்கிறார்கள். வெளுத்துப் போன காயைத் 'தாலு' என்று தனியாகப் பிரித்துக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். அந்தத் தாலு பொடியாகிவிட்டால் எங்கே போய்ச் சேரும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறார்கள். ஊரைச் சுற்றிக் குளிர்பதனக் கிடங்குகள். அங்கே வைத்த சரக்கு மாதங்கள் கழித்தும் நிறம் மங்காமல் வருகிறது. புதுக்காயா பழங்காயா என்று பொட்டலத்தில் பார்த்துச் சொல்வதற்கும், கிடங்குக் கதவில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் போனால்தான் புரியும்.

நாம் பேசிய தெலுங்கைக் கேட்டு ஒரு விவசாயி சிரித்தார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாள் அந்தக் களத்தில் சுற்றினோம்.

போய் வந்ததால் கொள்முதல் விலை குறைந்துவிட்டது என்று எழுதினால் பொய். அதே தரகரிடம்தான் இன்றும் வாங்குகிறோம், விலையும் சந்தை விலைதான். ஆனால் போனில் நாம் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. புதுச் சரக்கா, கிடங்குச் சரக்கா, காம்பு எடுத்ததா, ஈரம் எப்படி என்று கேட்கிறோம். அவரும் யோசித்துப் பதில் சொல்கிறார். சில்லறைக் கடைக்காரர் வந்து 'அண்ணாச்சி, இது எந்த வத்தல்?' என்றால் அவர் கையில் ஒன்றை ஒடித்துக் காட்ட முடிகிறது. இன்னொன்றும் நடந்தது. நாம் இல்லாத அந்த ஐந்து நாளும் மகன் கடையைப் பார்த்துக்கொண்டார். ஒரு பழைய வாடிக்கையாளரிடம் வெகு நாளாக நின்றிருந்த பாக்கி; முகத்துக்காக நாம் கேட்காமல் இருந்த பணம். அதை அவர் மரியாதையாகக் கேட்டு வசூலித்து, வரவு எழுதி வைத்திருந்தார். கல்லாவில் நாம் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அந்தச் சந்தர்ப்பமே கிடைத்திருக்காது.

அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதும் இல்லை. ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது விளையும் மானாவாரிக் காட்டை, பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அன்று இரவே திரும்பிவிடலாம். அதை விற்பவர்களில் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

சவால் என்பது கடைச் சரக்கைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்றும் நாம் நினைக்கவில்லை. நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறை வியாபாரி, பேர் வேண்டாம், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தகப்பனார் இறந்ததால் கடைக்கு வந்தார். 60 வயது ஆனபோது, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறேன் என்றார். எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். ஒன்றுக்கும் இல்லை என்பதுதான் அவருடைய பதில். மத்தியானம் 2 மணியிலிருந்து 4 மணி வரை வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து படித்தார். அறிவியல் செய்முறை வகுப்புக்கு, கடையில் மிட்டாய் வாங்கும் பிள்ளைகளோடு போய் நின்றார். 'அண்ணாச்சி, ஹால் டிக்கெட் வந்திருச்சா?' என்று அந்தப் பிள்ளைகள் கேட்பார்கள். அவர் வீட்டு அம்மாளுக்கு முதலில் வெட்கம். பிறகு அவர்தான் கேள்வி கேட்டு ஒப்பிக்க வைத்தார். தேறிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், பேப்பரும் பேனாவும் இல்லாமல் 20 சாமானுக்குக் கூட்டிச் சொல்லும் அந்த மனிதருக்குக் கணக்கில்தான் மார்க் குறைவு. 'எக்ஸ் என்றால் என்ன விலை என்று யாருமே சொல்லவில்லையே' என்றார்.

அந்தச் சான்றிதழை வைத்து அவருக்கு ஒரு மூட்டை சீனி கூட அதிகமாக விற்கவில்லை. ஆனால் அவர் பேச்சில் ஒரு தெம்பு வந்திருப்பதை நாம் கண்ணால் பார்த்தோம்.

இதற்கு மாறாக இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. நமது வீதியில் நெடுங்காலம் கடை நடத்திய நண்பர் ஒருவர் 61 வயதில் காலமானார். சர்க்கரை, இரத்த அழுத்தம், அதோடு ஓயாத உட்கார்ந்த வேலை. துக்கம் கேட்கப் போனோம். எல்லோரும் நாணயமானவர், கடை திறக்கத் தவறியதில்லை என்று சொன்னார்கள். முழுக்க உண்மை. படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அவருக்கு என்ன பிடிக்கும் என்று மகன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தூக்குச்சட்டியில் எது வந்தாலும் சாப்பிட்டுவிட்டு அனுப்பியவர். அந்த வீட்டிலிருந்து திரும்பி நடந்து வரும்போது நம்மில் யாரும் பேசவில்லை.

வயதாகிவிட்டது, இனிமேல் முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். கார்த்திகை பிறந்தால் நம்மில் எத்தனை பேர் மாலை போடுகிறோம்? 41 நாள் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறோம். செருப்பு இல்லாமல் சரக்கு லாரிக்கும் கடைக்கும் நடக்கிறோம். 20 வருடமாக விட முடியாத மூக்குப்பொடியும் புகையிலையும் அந்த 41 நாளும் நம்மை அண்டுவதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் உண்டு. ரமலான் மாதம் நமது பாய்மார்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் குடிக்காமல் பகல் முழுவதும் பேரீச்சம்பழமும் சர்பத்தும் விற்கிறார்கள். ஆகவே உடம்புக்கு முடியவில்லை, மனதுக்கு உறுதி இல்லை என்பதெல்லாம் எடுபடாது. சாமி கேட்டால் செய்கிறோம். நமக்காக நாமே ஒன்றைக் கேட்டுக்கொள்ளத்தான் கூச்சப்படுகிறோம்.

ஒற்றை ஆளாகக் கடை நடத்தும் சிறு வியாபாரி, 'உங்களுக்கு மகன் இருக்கிறார், கணக்குப்பிள்ளை இருக்கிறார், எனக்கு யார் இருக்கிறார்கள்?' என்று கேட்பது நியாயம். நான் அடைத்தால் எதிர்க்கடைக்குப் போன வாடிக்கையாளர் திரும்பி வருவாரா என்ற பயமும் நியாயம். 2020-ல் பகல் 1 மணிக்கு அடைத்தபோது வாங்க வேண்டியவர்கள் எல்லோரும் அதற்குள் வந்து வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அன்று எல்லோரும் சேர்ந்து அடைத்தோம். அதில்தான் வழி இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. மே 5 வணிகர் தினத்தன்று ஒற்றுமையாகக் கடையடைத்து மாநாட்டுக்குப் போகிற நமக்கு, ஒரு தெருவில் உள்ள ஐந்து கடைக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு வாரத்தில் ஒரு மத்தியானம் அடைப்பது முடியாத காரியமா? அந்த மத்தியானத்தில் தூங்கிவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீச்சல் தெரியாதவர் கற்றுக்கொள்ளட்டும். மேடையில் பேச நடுங்குபவர் நமது சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கட்டும். ஆடிட்டர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர், ஒரு மாதத்துக் கணக்கையாவது தாமே போட்டுப் பார்த்துவிட்டு அவரிடம் கொடுக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை: தமக்கு வராது என்று நினைக்கிற காரியமாக இருக்க வேண்டும்.

சில நிமிடங்களில் வீட்டு வாசலில் சாமானைக் கொண்டு வந்து போடும் கம்பெனிகளோடு நாம் வேகத்தில் போட்டி போட முடியாது. நம்மிடம் இருப்பது சரக்கறிவும் ஆளறிவும். இந்த இரண்டும் உட்கார்ந்த இடத்தில் ஊறிக்கொண்டே இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். படித்த பிள்ளைகள் கடைக்கு வர மாட்டேன் என்பதற்கும் இதில் பாதிக் காரணம் இருக்கிறது. அவர்கள் வெறுப்பது வியாபாரத்தை என்று நமக்குத் தோன்றவில்லை. அப்பாவைப் போல ஒரே பலகையில் 40 வருடம் உட்கார வேண்டுமே என்றுதான் மலைக்கிறார்கள்.

நமது பங்குக்கு, வரும் தை மாதம் பத்து நாள் கடைப்பக்கம் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். குண்டூர் போனபோது கூட இரவு ஒரு போன் போட்டு விற்றுமுதல் கேட்டுக்கொண்டோம். இந்தத் தடவை அதுவும் இல்லை. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தை இரண்டு நாள் பார்த்துவிட்டு, மீதி நாளில் கடையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடிகிறதா என்று பார்க்கப் போகிறோம். வீட்டில் இதை நம்பவில்லை. கடைச் சாவியும் பீரோச் சாவியும் மகனிடம் போகின்றன. கடன் நோட்டை மட்டும் யாரிடம் கொடுப்பது என்று இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.